யாரிடம் முறையிடுவது?

1950களில் லண்டனிலோ மான்செஸ்டரிலோ தனியாக வாழ்ந்த ஒரு முதியவருக்கு உள்ளாட்சியான கவுன்சில் அனுப்பிய உதவியாளரை ஊரார் 'ஹோம் ஹெல்ப்' என்பார்கள். பெரும்பாலும் அதே வட்டாரத்தைச் சேர்ந்த, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய நடுவயதுப் பெண். காலையில் வந்து முந்தைய நாள் சாம்பலை அள்ளிக் கொட்டி, நிலக்கரி கொண்டுவந்து நெருப்பு மூட்டுவார். கடைக்குப் போவார். தபால் அலுவலகத்தில் ஓய்வூதியத்தை வாங்கிவந்து கையில் கொடுப்பார். தரை கூட்டுவார், துணி துவைப்பார், மதியத்துக்கு ஏதாவது சமைத்து மூடி வைப்பார். குளிக்க வார்ப்பது அவர் வேலையல்ல. அதற்கு மாவட்டத் தாதியர் இருந்தார்கள்.

முதலில் இது பிள்ளை பெற்ற தாய்மாருக்கான உதவியாகத்தான் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944இன் இறுதியில், நோயாளிகளுக்கும் முதியோருக்கும் விரிந்தது. 1946ஆம் ஆண்டின் தேசிய சுகாதார சேவைச் சட்டம், உள்ளாட்சிகள் விரும்பினால் இத்தகைய வீட்டுதவியை வழங்கலாம் என்றது. 1948 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. வழங்கியே தீரவேண்டும் என்று சட்டம் சொன்னது பின்னாளில்தான். 1968இல் இயற்றிய இன்னொரு சட்டம் 'வழங்கலாம்' என்பதைக் கடமையாக்கியது.

அந்தக் காலத்து ஏற்பாட்டில் என் கவனத்தை இழுப்பவர் ஹோம் ஹெல்ப் அல்ல, அவருக்கு மேலே இருந்த அமைப்பாளர். ஒரு வட்டாரத்துக்கு ஒருவர். எந்த வீட்டுக்கு எந்தப் பெண் போவது என்று முடிவு செய்பவர் அவர். புதிதாக ஒரு வீட்டைச் சேர்க்கும்போது நேரில் போய், அடுப்படியையும் மாடிப்படியையும் பார்த்துவிட்டு, வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று எழுதுவார். வந்த பெண் நேரத்துக்கு வரவில்லை, சில்லறையில் கணக்கு உதைக்கிறது, பேச்சு சரியில்லை என்றால் அவரிடம்தான் சொல்லவேண்டும். கவுன்சில் கட்டடத்தில் அவருக்கு ஒரு மேசை இருந்தது. வேலைக்கு எடுத்தவரும், சம்பளச் சீட்டு எழுதியவரும், ஆளை மாற்றக்கூடியவரும் அவரே. முறைப்பாடு போகவேண்டிய தூரம் அவ்வளவுதான்.

அதற்காக அது பொற்காலமென்று நான் எழுதப்போவதில்லை. அந்த அமைப்பாளர் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் அடுத்து எங்கே போவது? எந்த விதிமுறையும் இல்லை. பதில் சொல்லக் கெடு இல்லை. முறையிட்டவருக்கு எழுத்தில் ஏதும் கிடைக்காது. அதைவிடப் பெரிய தடை முதியவரின் மனத்திலேயே இருந்தது. 1950களில் எழுபது வயதைத் தாண்டியிருந்தவர்கள் ஏழையர் சட்டத்தின் காலத்தில் பிறந்தவர்கள், பாட்டன் பாட்டி ஏழையர் விடுதியில் செத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். அந்தச் சட்டம் 1948இல்தான் முற்றாக நீக்கப்பட்டது. கவுன்சிலிடமிருந்து வரும் உதவி அவர்கள் கண்ணுக்குப் பிச்சைக்குச் சற்று மேலே, உரிமைக்குச் சற்றுக் கீழே எங்கோ நின்றது. பிச்சை போட்டவரிடம் குறை சொல்லக்கூடாது என்பது எந்த ஊர் ஏழைக்கும் தெரிந்த ஒழுங்கு. உள்ளாட்சிகள் மேலான முறைப்பாடுகளை விசாரிக்க ஓம்பட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பாளர் 1974இல் வந்தபோதும், நேரடியாக எழுத முடியாது. ஒரு கவுன்சிலர் வழியாகத்தான் போகவேண்டும். யார் மேல் முறைப்பாடோ அவர்களில் ஒருவரிடமே மனுவைக் கொடுத்து அனுப்பும் இந்த விந்தை 1988வரை நீடித்தது.

1980களில் காற்று மாறியது. முதியோர் தொகை ஏறியது. மருத்துவமனைகள் முன்னைவிடச் சீக்கிரம் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. ஹோம் ஹெல்ப் கையில் துடைப்பத்தின் இடத்தில் கையுறை வந்தது. கழுவுவது, உடுத்திவிடுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது என்று அவர் வேலை உடலை நோக்கி நகர்ந்தது. மார்கரெட் தாட்சரின் அரசு இந்தத் துறையை ஆராயச் சொன்னது சர் ராய் கிரிஃபித்ஸை. சேன்ஸ்பரீஸ் கடைகளை நிர்வகித்துப் பெயர் வாங்கியவர். 1988இல் அவர் கொடுத்த அறிக்கையின் வழியே 1990ஆம் ஆண்டின் சட்டம் வந்தது. கவுன்சில் தேவையை அளக்கட்டும், பணத்தைக் கொடுக்கட்டும், வேலையை யாரிடமிருந்தும் வாங்கட்டும் என்பது அதன் உட்கருத்து.

அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரலில். அதையொட்டி மத்திய அரசு கவுன்சில்களுக்குக் கொடுத்த சிறப்பு நிதியில் 85 சதவீதத்தைக் கவுன்சிலுக்கு வெளியே உள்ள நிறுவனங்களிடம்தான் செலவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். வீட்டுப் பராமரிப்பின் இன்றைய உருவத்தைத் தீர்மானித்தது, என் பார்வையில், சட்டத்தின் பெரிய பெரிய வாசகங்கள் அல்ல, இந்த ஒரு நிபந்தனைதான். அதற்கு முன்பு கவுன்சில் கொடுத்த வீட்டுப் பராமரிப்பில் கிட்டத்தட்ட எல்லாமே கவுன்சிலின் சொந்த ஊழியர்கள் செய்தது. இன்று இங்கிலாந்தில் கிட்டத்தட்ட எல்லாமே ஏஜென்சிகள் செய்வது. 'கவுன்சில் கேரர்' என்று நாம் சொல்பவரின் சட்டையில் இருப்பது ஒரு தனியார் நிறுவனத்தின் சின்னம்.

இந்தத் திருப்பத்தில் அகப்பட்ட ஒருவரின் வழக்கைச் சற்று நின்று பார்க்கலாம். மைக்கேல் பேரி, வயது 79, குளோஸ்டர் நகரில் தனியாக வாழ்ந்தவர். பக்கவாதமும் மாரடைப்பும் கண்டவர், இடுப்பெலும்பு முறிந்து ஊன்றிக்கொண்டு நடப்பவர். வாரத்தில் இரண்டு நாள் கவுன்சில் அனுப்பும் பெண் வந்து கடைக்குப் போவார், ஓய்வூதியம் வாங்கிவருவார், துணி துவைப்பார், வீடு துடைப்பார். 1994 செப்டம்பரில் கவுன்சிலிடமிருந்து செய்தி வந்தது: துவைப்பதும் துடைப்பதும் இனி இல்லை. அவர் தேறிவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. மத்திய அரசு மாவட்டத்துக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைத்துவிட்டது என்பதே காரணம். பேரி வழக்குப் போட்டார். தேவை என்பது மனிதனின் உடம்பில் இருக்கிறதா, கவுன்சிலின் பெட்டியில் இருக்கிறதா என்ற கேள்வி, அப்போதைய உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபைவரை போயிற்று. 1997 மார்ச்சில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. ஒருவரின் தேவையை அளக்கும்போது கவுன்சில் தன் கையிருப்பையும் பார்க்கலாம் என்றது பெரும்பான்மை. ஒரு நீதிபதி மறுபக்கம் சாய்ந்திருந்தால் இங்கிலாந்தின் முதியோர் பராமரிப்பு வேறு வழியில் போயிருக்கலாம்.

அதற்குப் பிறகு வீடு கூட்டுவது, சன்னல் திரை துவைப்பதெல்லாம் ஒவ்வொரு கவுன்சிலின் பட்டியலிலிருந்தும் மெல்ல மறைந்தன. 2003இலிருந்து தேவைகளை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். பணம் இறுக இறுக மேல் இரண்டு படிகளில் நிற்பவர்களுக்கு மட்டுமே உதவி என்று பல கவுன்சில்கள் வாசலைச் சுருக்கின. எஞ்சியது உடம்பு சம்பந்தப்பட்ட வேலை. அதையும் நிமிடக் கணக்கில் வாங்கத் தொடங்கினார்கள். காலை எழுப்பிக் கழுவ 30 நிமிடம், மதிய உணவு சூடாக்க 15, மாலை மாத்திரைக்கு 15. கேரர்கள் இதற்கு 'கோல்' என்பார்கள். ஒரு நாளில் இத்தனை கோல், ஒரு கோலிலிருந்து அடுத்ததற்கு ஓட்டம். நடுவே பேருந்துக்கு நிற்கும் நேரத்துக்குப் பல ஏஜென்சிகள் தனியாகச் சம்பளம் எழுதுவதில்லை. உள்ளே வந்ததும் கைப்பேசியில் பதிய வேண்டும், போகும்போதும் பதிய வேண்டும். முன்பு அமைப்பாளர் நேரில் வந்து பார்த்ததை இப்போது ஒரு செயலி பார்க்கிறது. ஆள் வந்தாரா என்பது அதற்குத் தெரியும். வந்தவர் தேநீரை எட்டும் தூரத்தில் வைத்தாரா என்பது தெரியாது.

இன்றைய முறைப்பாடுகள் இந்த ஏற்பாட்டின் நேர்ப் பிள்ளைகள். எட்டு மணிக்கு வரவேண்டியவர் பதினொன்றுக்கு வருகிறார், நீரிழிவுக்காரர் அதுவரை ஊசியும் உணவும் இல்லாமல் இருக்கிறார். படுக்க வைக்க வருபவர் மாலை ஆறரைக்கே வந்து விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார். தூக்கியெடுக்க இருவர் வரவேண்டிய வீட்டுக்கு ஒருவர் வருகிறார். வாரத்துக்கு எத்தனையோ புதுமுகங்கள், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லவேண்டும். மாத்திரைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது, மாத்திரை பெட்டியில் இருக்கிறது. பத்து நிமிடத்தில் போய்விடுகிறார், பில்லில் அரை மணி. வாசலில் எண்பூட்டுப் பெட்டிக்குள் சாவி தொங்குவதால் யார் வந்தார், எப்போது வந்தார் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரிவதில்லை.

சமத்துவ, மனித உரிமைகள் ஆணையம் 2011 நவம்பரில் இங்கிலாந்தின் வீட்டுப் பராமரிப்பைப் பற்றி ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டது. நல்ல பராமரிப்பு பெற்றவர்களும் அதில் உண்டு. கூடவே, தட்டில் உணவு இருந்தும் ஊட்ட நேரமில்லாமல் விட்டுப்போனதும், மானம் போகும்படி கழுவியதும் அதில் பதிவாகின. முதியோர் முறையிடப் பயப்படுகிறார்கள் என்பதும் பதிவாயிற்று. இதை அறிய எனக்கு அறிக்கை தேவைப்படவில்லை. லண்டனின் கிழக்கில் இருந்த என் மாமிக்கு ஓர் ஏஜென்சி ஆள் அனுப்பியது. நேரம் தவறுவது வழக்கமாகிப் போனபோது, எழுதிக்கொடுப்போம் என்றேன். மாமி கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஒண்டும் எழுதிக் குடுக்காதை. நாளைக்கும் அந்தப் பிள்ளைதான் வந்து என்னைக் குளிக்க வார்க்க வேணும்." 1950களின் கிழவிக்குப் பயம் கவுன்சிலிடம். மாமிக்குப் பயம், தன் உடம்பைத் தொடும் கையிடம். இரண்டாவது பயம் இன்னும் நெருக்கமானது.

இத்தனைக்கும் இடையில் முறையிடும் உரிமை வளர்ந்துகொண்டேதான் இருந்தது. 1990ஆம் ஆண்டின் அதே சட்டம், சமூக சேவைகள் பற்றி முறையிட ஒவ்வொரு கவுன்சிலும் ஒழுங்கான வழிமுறை வைத்திருக்க வேண்டும் என்றது. முதலில் பேசித் தீர்ப்பது, பிறகு முறையான விசாரணை, அதற்கும் பிறகு வெளியாள் தலைமையில் மூவர் குழு. 2009 ஏப்ரலில் அந்தப் படிக்கட்டை இடித்துவிட்டு ஒரே படியாக்கினார்கள். முறைப்பாடு கிடைத்ததை மூன்று வேலை நாளுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், எப்படி விசாரிப்பது என்று முறையிட்டவரோடு பேசிக்கொள்ள வேண்டும், முடிவை எழுத்தில் தர வேண்டும். 2010 அக்டோபரிலிருந்து சொந்தப் பணத்தில் பராமரிப்பு வாங்குபவர்களும் ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். 2017இல் அந்த அலுவலகத்தின் பெயரிலேயே 'சமூகப் பராமரிப்பு' சேர்ந்தது.

மனித உரிமையிலும் ஓர் ஓட்டை இருந்தது. 2007இல் பர்மிங்காம் வழக்கொன்றில், கவுன்சில் பணம் கட்டினாலும் தனியார் முதியோர் இல்லத்தை மனித உரிமைச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இல்லங்களுக்கான ஓட்டையை அடுத்த ஆண்டே அடைத்தார்கள். வீட்டுக்கு வரும் ஏஜென்சிக்கு அது 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் வரும்வரை திறந்தே கிடந்தது. நாலு சுவருக்குள், சாட்சி இல்லாமல் நடப்பதற்குத்தான் முதலில் காவல் போட்டிருக்க வேண்டும். ஏன் கடைசியில் போட்டார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்காத விஷயம்.

ஆக, ஏட்டில் எல்லாம் இருக்கிறது. நடப்பில் என்ன ஆகிறது? மகள் முதலில் ஏஜென்சிக்குத் தொலைபேசி எடுக்கிறாள். ஒருங்கிணைப்பாளர் இப்போதுதான் வேலைக்கு வந்தவர், முந்தையவர் போய்விட்டார். கவுன்சில் நேரம் அவ்வளவுதான் வாங்கியிருக்கிறது என்கிறார். கவுன்சிலுக்கு எடுத்தால், ஏஜென்சியிடம் முதலில் பேசுங்கள் என்கிறார்கள். தந்தையின் கோப்பு யார் பெயரிலும் இல்லை, கடமையில் இருக்கும் சமூகப் பணியாளர் அன்றன்று மாறுபவர். தரக் கண்காணிப்பு ஆணையமான சிகியூசிக்கு எழுதினால், தகவலுக்கு நன்றி, தனிப்பட்ட முறைப்பாடுகளை நாங்கள் விசாரிப்பதில்லை என்ற பதில் வருகிறது. அது உண்மையும்கூட. அந்த ஆணையம் நிறுவனங்களைப் பதிவு செய்யும், சோதனையிடும், தரம் போடும். உங்கள் அப்பாவுக்குச் செவ்வாய்க்கிழமை நேர்ந்த குறையை அது தீர்க்காது. அன்று ஒரு மேசையில் இருந்த அதிகாரம் இன்று நாலைந்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது. அந்தச் சிதறலில்தான் முறைப்பாடுகள் சாகின்றன.

கதவுக்கு மறுபக்கம் நிற்பவரையும் பார்க்க வேண்டும். 2022 பிப்ரவரியில் பராமரிப்புத் தொழிலாளருக்கு பிரிட்டன் விசாவைத் திறந்துவிட்டது. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் நைஜீரியா, ஜிம்பாப்வேயிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பலர் முகவர்களுக்குப் பெருந்தொகை கட்டிவிட்டு வந்தவர்கள். விசா அழைத்த நிறுவனத்தோடு கட்டப்பட்டது. வேலை போனால் வழக்கமாக 60 நாளுக்குள் இன்னொரு நிறுவனத்தைப் பிடிக்க வேண்டும், இல்லையேல் பெட்டி கட்ட வேண்டும். 2024 மார்ச்சில் குடும்பத்தை அழைத்துவரத் தடை வந்தது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுக்கும் கதவே அடைபட்டது. பதினைந்து நிமிடத்தில் ஒரு மனிதரைக் கழுவி உடுத்த முடியாது என்று இப்படி வந்த ஒரு பெண் யாரிடம் சொல்வாள்? அவளும் முறையிட முடியாதவள்தான். படுத்திருப்பவரும் தூக்குபவரும் ஒரே காரணத்துக்காக வாய் மூடியிருக்கும் வீடுகள் இன்று நிறைய உண்டு.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டப்படி சம்பளமும் பயணச் செலவும் கொடுத்து ஒழுங்காக நடத்த, 2025-26இல் இங்கிலாந்தில் மணிக்கு 32.14 பவுண்டு வேண்டும் என்று வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களின் சங்கம் கணக்குப் போட்டிருக்கிறது. அதற்குக் குறைவாகவே வாங்கப் பார்க்கும் கவுன்சில்கள் பல. குறைந்த விலைக்கு வாங்கிவிட்டுத் தாமதத்துக்கு ஏஜென்சியைக் குற்றம் சொல்வது எனக்கு நேர்மையாகப் படவில்லை. வீட்டு வருகை பொதுவாக அரை மணிக்குக் குறையக்கூடாது என்று பராமரிப்புத் தரங்களை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2015இல் வழிகாட்டியது. அந்த வழிகாட்டுதலைக் கையில் வைத்துக்கொண்டே பதினைந்து நிமிடம் வாங்குகிறார்கள்.

நம்மவர் வீடுகளுக்கு இதில் ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. 1980களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் இப்போது லண்டனின் ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் முதியவர்களாகிவிட்டார்கள். மறதி நோய் வந்தால் பின்னர் கற்ற ஆங்கிலம் முதலில் கழன்றுபோவது உண்டு. வலிக்கிறது என்பதைக்கூடத் தமிழில்தான் சொல்கிறார்கள். கேட்பவருக்கு விளங்கவில்லை, 'உணவை மறுத்தார்' என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகிறார். இதற்குப் பலர் அறியாத வழி ஒன்று இருக்கிறது: நேரடிப் பணம். கவுன்சில் ஒதுக்கும் தொகையைக் கையில் வாங்கி, நாமே தமிழ் பேசும் ஒருவரை வேலைக்கு வைக்கலாம். 1997இல் தொடங்கியபோது 65 வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும் இருந்த இந்த ஏற்பாடு 2000இலிருந்து முதியோருக்கும் உண்டு. ஒரே வீட்டில் வாழும் நெருங்கிய உறவினரை மட்டும் வழக்கமாக அதில் அமர்த்த முடியாது. கணக்கு வைப்பது தொல்லைதான், ஆனாலும் கேட்டுப் பார்க்கத் தக்கது.

ஏஜென்சியோடு இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தொலைபேசியில் மன்றாடுவதை நிறுத்துங்கள். ஒரு கொப்பியில் தேதி, வரவேண்டிய நேரம், வந்த நேரம், போன நேரம், விட்டுப்போன வேலை ஆகியவற்றை எழுதி வையுங்கள். வீட்டில் உள்ள பராமரிப்புக் கோப்பைப் படம் எடுத்து வையுங்கள். முறைப்பாட்டை ஏஜென்சிக்கு மட்டுமல்ல, கவுன்சிலின் முதியோர் பராமரிப்புத் துறைக்கும் எழுத்தில் அனுப்புங்கள். 'முறைப்பாடு' என்ற சொல் அதில் இருக்கட்டும், இல்லாவிட்டால் கருத்து என்று எடுத்து வைத்துவிடுவார்கள். பட்டினி, புண், தவறான மருந்து என்றால் அது முறைப்பாட்டோடு நிற்கும் விஷயமல்ல. 2014ஆம் ஆண்டின் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி பாதுகாப்பு விசாரணை கேளுங்கள். ஏஜென்சியைக் கேளுங்கள் என்று கவுன்சில் திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள். கவுன்சில் ஏற்பாடு செய்த பராமரிப்பில் ஏஜென்சி செய்த தவறு கவுன்சிலின் தவறாகவே ஓம்பட்ஸ்மனிடம் கணக்காகும். அங்கே போக ஒரு பென்னியும் கட்ட வேண்டாம். நடந்தது தெரிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் போய்விட வேண்டும்.